நுட்பத் தாள் எண் 14

ஜெஃப்ரி ஹாலிவெல் வரும்போதே மூன்று சாமான்களோடு வந்தார்: ஒரு மடக்கு நாற்காலி, தன் சொந்தத் தேநீர்க் கோப்பை, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதம். அடுத்தவர் வீட்டுக் கோப்பையில் அவர் குடிப்பதில்லை. அடுத்தவர் அறிவு விஷயத்திலும் அப்படித்தான்.

சமையலறை ஜன்னல் வழியாக அவரைப் பார்த்த லினெட், கெட்டிலின் சுவிட்சை அணைத்தாள். பிறகு, கணவன் கிளைவும் அங்கேதானே குளிரில் நிற்கிறான் என்று மறுபடி போட்டாள்.

மணி எட்டு. ஒரு மணிக்குக் கார் டெர்பி பக்கத்துச் சோதனை நிலையத்தில் நிற்க வேண்டும். வீட்டில் கட்டிய கார் தெருவில் ஓடலாமா கூடாதா என்று அங்கே ஓர் அதிகாரி பார்த்துச் சொல்வார். இது மூன்றாவது தேதி. முதல் தேதிக்கு பிரேக் குழாய் ஒழுகியது. இரண்டாவது தேதிக்குப் பின்விளக்கு வந்து சேரவில்லை. ஒரு தேதி போனால் அடுத்தது கிடைக்க ஐந்து மாதம். பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுவதுதான் கிளைவின் உத்தியோகம். ஊரெல்லாம் ஓடும் பஸ்களை நிமிஷக் கணக்கில் ஓட வைத்தவன், தன் காரை மட்டும் ஆறு வருஷமாக ஷெட்டை விட்டு வெளியே கொண்டுவர முடியாமல் இருந்தான்.

கார் வந்தபோது அது காராக வரவில்லை, நாற்பத்தொரு பெட்டிகளாக வந்தது. கியர்பாக்ஸ் மூன்று மாதம் கூடத்தில் கிடந்தது, வருகிறவர்கள் அதன்மேல் தொப்பியை வைத்தார்கள். சனி ஞாயிறு என்றால் கிளைவின் கால்கள் மட்டும்தான் காருக்கு அடியிலிருந்து தெரியும். லினெட் ஸ்கார்பரோ கடற்கரைக்குத் தனியாக ரயிலேறிப் போய், தனியாக மீன் வறுவல் தின்று, தனியாகத் திரும்பி வந்தாள். ஒரு தடவை அல்ல, ஐந்து கோடை.

போன ஈஸ்டர் அன்று ஆட்டுக்கறிக்கும் புதினாத் துவையலுக்கும் நடுவில் ஒப்பந்தம் ஆயிற்று. மூன்றாவது தேதி, பகல் ஒரு மணி. கார் சொந்தச் சக்கரத்தில் சோதனை நிலைய வாசலில் நின்றால் அது இவர்களுடையது. நிற்காவிட்டால் விற்றுவிட வேண்டியது. இருவரும் கைகுலுக்கினார்கள். இருபத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர்கள் கைகுலுக்கியது அந்த ஒரு தடவைதான்.

விற்பது என்றால் எப்படி என்று கிளைவுக்குத் தெரியும். டெர்வெண்ட் பள்ளத்தாக்குக் கார் கட்டுவோர் கழகத்தின் பத்திரிகையில் கடைசிப் பக்கம் முழுக்க அந்த விளம்பரங்கள்தான்: 'சூழ்நிலை காரணமாக விற்பனைக்கு. தொண்ணூறு சதவீதம் முடிந்தது.' அந்த உலகத்தில் தொண்ணூறு என்பது மரியாதைக்குச் சொல்லும் எண். இன்ஜினே இல்லாத காரும் தொண்ணூறுதான், நாலு சக்கரமும் ஒரு சாவியும் மட்டும் இருப்பதும் தொண்ணூறுதான். 'சூழ்நிலை' என்றால் மனைவி.

அந்தக் கழகத்தின் தலைவர்தான் ஜெஃப்ரி. ஓய்வுபெறும் வரை முப்பத்தோரு வருஷம் குடிநீர்க் கம்பெனியில் பெரிய பொறியாளர். தண்ணீர் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது அது தன் குடும்பத்துப் பெண் என்பதுபோல இருக்கும். காரில் மிச்சமிருந்த ஒரே வேலையும் தண்ணீர் சம்பந்தப்பட்டதாகவே அமைந்துவிட்டது: குளிர்நீர் சுற்றுப்பாதையை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியே எடுக்க வேண்டும்.

"ஏர் எடுக்குறதுங்கறது ஒரு கலை, கிளைவ்," என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை விரித்தார். "நிறைய பேரு அத வேலைன்னு நெனச்சுக்குறாங்க."

"நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியம், ஜெஃப்ரி."

"தாள்ல என்ன போட்டிருக்கு? வாசி."

கிளைவ் வாசித்தான். நுட்பத் தாள் எண் 14, ஆக்கியோன் ஜெ. ஹாலிவெல். கழகத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்படுவது. "முதலாவதாக, வாகனத்தின் மூக்கை உயர்த்துக. காற்று இயல்பாகவே உயரத்தை நாடும்."

"நாடும்," என்றார் ஜெஃப்ரி, தானே காற்றுக்கு உத்தரவு போட்டவர்போல.

வீட்டு வாசல் பாதையே தெருவிலிருந்து ஷெட்டை நோக்கி ஏறுகிற சரிவு. கார் ஷெட்டைப் பார்த்து நின்றதால் மூக்கு ஏற்கெனவே மேலேதான் இருந்தது. போதாது என்று முன்சக்கரங்களுக்கு அடியில் ஆளுக்கொரு மரக்கட்டை வைத்தார்கள். கார் ஜெஃப்ரியைப் போலவே வானத்தைப் பார்த்தது.

எட்டரைக்கு முதல் முயற்சி. கிளைவ் இன்ஜினுக்குப் பின்னால், ஆள் உட்காரும் இடத்தை ஒட்டிய தகட்டில் இருந்த சின்ன டேங்கில், இன்ஜினைக் குளிர்விக்கும் நீல நிறக் கூலன்டை ஊற்றினான். நாலு லிட்டர் போனதும் விளிம்பு வரை நிறைந்துவிட்டது. ஏழு லிட்டர் பிடிக்கும் என்று கையேடு சொன்னது.

"கையேடு எழுதுறவன் எப்பவும் கூட்டித்தான் எழுதுவான்," என்றார் ஜெஃப்ரி.

இன்ஜின் கிளம்பியது. நல்ல சத்தம். வெப்பமானி எழுபது காட்டியது, எண்பது, தொண்ணூறு. தொண்ணூற்றைந்தில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. நூறு. நூற்று ஐந்து. டேங்குக்குள் குடல் புரள்வதுபோல ஒரு சத்தம். பிறகு மூடியின் ஓரத்திலிருந்து நீலத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து கிளைவின் பூட்ஸில் விழுந்தது.

"அணை அணை," என்றார் ஜெஃப்ரி, நாற்காலியோடு பின்னால் நகர்ந்தபடி.

சூடான இன்ஜினைத் திறக்கக் கூடாது, ஆற வேண்டும். அதற்கு நாற்பது நிமிஷம். கிளைவ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். இந்தச் சூட்டில் இன்னும் சில தரம் ஓட்டினால் இன்ஜினின் தலைப்பகுதி வளைந்து கெட்டுவிடும் என்பது அவனுக்குத் தெரியும். ஜெஃப்ரிக்கும் தெரியும்.

பத்துக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டாவது முயற்சி நடந்துகொண்டிருக்கும்போது, லினெட் தேநீர் கொண்டுவந்தாள். அக்டோபர் மூன்றாவது வாரம். அன்று காலைதான் அந்த வருஷத்தில் முதல்முறையாக வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்ச் சுற்றைப் போட்டிருந்தாள். போட்டதும் வழக்கம்போல அறை அறையாகப் போய்ச் சுவர் ரேடியேட்டர்களைத் தொட்டுப் பார்த்து, எது மேலே குளிர்ந்து கிடக்கிறதோ அதன் மூலைத் திருகைத் திறந்து காற்றை விட்டாள். உஸ்ஸென்று போகும், பிறகு தண்ணீர் துப்பும், உடனே மூட வேண்டும். வருஷா வருஷம் அவள்தான் செய்வாள். அதை ஒரு கலை என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

மாடித் தாழ்வாரத்து ரேடியேட்டர் ஒன்று அவள் விரலை உறைய வைத்திருந்தது. இன்ஜின் இந்தப் பாடு படுகிறதே, முன்பக்கம் சூடாக இருக்கும், கையைச் சூடாக்கிக்கொள்ளலாம் என்று காரின் மூக்குச் சல்லடைக்குள் விரலை விட்டு ரேடியேட்டரைத் தொட்டாள்.

மீன் கடையில் மீனைத் தொட்டதுபோல இருந்தது.

மானியில் நூற்று ஒன்று. இங்கே சில்லிட்டுக் கிடக்கிறது. அப்படியென்றால் சூடான தண்ணீர் இந்தப் பக்கம் வரவே இல்லை. ஏன் வரவில்லை? காற்று உட்கார்ந்திருக்கிறது. எங்கே உட்காரும்? எது உயரமோ அங்கே. காரிலேயே உயரமான இடம் இந்த மூக்கு, அதைத் தூக்கி வைத்தது இந்த இரண்டு புத்திசாலிகள். காற்று வெளியே போகிற வாசலான டேங்க் மூடியோ பின்னால், பள்ளத்தில். ஃபேனை முடுக்கும் சுவிட்சும் இந்த ரேடியேட்டரில்தான் இருந்தது. அதற்கு உலகம் குளுகுளுவென்று இருக்கிறது, அது ஏன் ஃபேனைச் சுற்றப் போகிறது?

எல்லாம் ஒரே நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. கொஞ்சம் மெதுவாகப் புரிந்திருந்தால் யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்திருக்கும்.

சொன்னால் கார் ஓடும். சொல்லாவிட்டால் ஒரு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை, சதி செய்ய வேண்டியதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் போதும்.

"என்ன வாத்து, கை குளிருதா?" என்றான் கிளைவ். அந்த ஊரில் ஆணோ பெண்ணோ, பிரியமாகக் கூப்பிட்டால் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒண்ணுமில்ல," என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

பின்னால் சீறும் சத்தம் கேட்டது. "அணை அணை" என்பதும் கேட்டது.

கழுவிய தட்டையே இன்னொரு தரம் கழுவினாள். தெரிந்த ஒரு சமாச்சாரத்தை வாய்க்குள் வைத்திருப்பது இவ்வளவு பாரமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஜன்னலில் பார்த்தால் கிளைவ் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, அளவு வாரியாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். வேலை நடக்கும்போது அவன் அடுக்குகிறவன் அல்ல.

பத்தரைக்குச் சமையலறைக் கதவருகே வந்து நின்றான். நீலக் கறை பட்ட பூட்ஸை மிதியடியோடு நிறுத்திக்கொண்டான்.

"லின். விளம்பரம் நீதானே எழுதுவ?"

"எதுக்கு இப்பவே அந்தப் பேச்சு?"

"இல்ல, தொண்ணூறு சதவீதம்னு போட்டுடாத. வாங்குறவன் பாவம். சூடாகுது, ஏன்னு தெரியலன்னு உள்ளத உள்ளபடி போடு."

"இன்னும் நேரம் இருக்கு."

"பத்தே முக்காலுக்கு இன்னொருதரம் பாக்குறோம். ஜெஃப்ரி இன்னும் ரெண்டு செங்கல் வைக்கலாங்கறாரு." கொஞ்சம் தயங்கினான். "மனுஷன் காலையிலேருந்து குளிர்ல உக்காந்திருக்காரு. அவருக்குக் கொஞ்சம் பிஸ்கட் குடேன்."

அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். மூடினாள். இவன் தோற்றுக்கொண்டிருக்கும்போதும் வாங்கப் போகிற எவனோ ஒருவனுக்காகவும் ஜெஃப்ரிக்காகவும் கவலைப்படுகிறான். கொஞ்சம் அயோக்கியனாக இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும்.

பத்தே முக்காலுக்கு மூன்றாவது முயற்சி தொடங்கியபோது கார் கிட்டத்தட்டக் கூரை ஏறும் பூனைபோல நின்றது. லினெட் கதவருகே நின்று மானியைப் பார்த்தாள். தொண்ணூறு வந்தது. தொண்ணூற்று எட்டு. அவள் வாயைத் திறந்தாள். ஜெஃப்ரி முந்திக்கொண்டார்.

"இப்பத்தான் முக்கியமான கட்டம். பத்தி ஆறு. இன்ஜின் ஓடும்போதே மூடியத் திற. அழுத்தம் காத்தத் தள்ளிக்கிட்டு வெளிய வந்துரும்."

"ஓடும்போதா?"

"எழுதினவன் நான், கிளைவ்."

நூற்று நாலு. கிளைவ் துணியை எடுத்து நாலாக மடித்து மூடிமேல் வைத்தான். முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டான். பயம் இருந்தது, ஆனால் தலைவர் சொல்லியிருந்தார்.

லினெட் எப்படி அங்கே போனாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகமில்லை. வலது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், இடது கையை உள்ளே நீட்டிச் சாவியைத் திருகினாள். இன்ஜின் நின்றது. டேங்க் மட்டும் உள்ளே கொதகொதவென்று பேசிக்கொண்டிருந்தது.

"அதத் திறந்திருந்தா மூஞ்சி வெந்துபோயிருக்கும்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் கார தலகீழா வச்சிருக்கீங்க."

"அம்மணி," என்று எழுந்தார் ஜெஃப்ரி. "முப்பத்தோரு வருஷம் இந்த மாவட்டத்துக்கே தண்ணி விட்டவன் நான்."

"மலை மேல தேக்கி வச்ச தண்ணி கீழ வந்துச்சு. அதுக்கு நீங்க இல்லன்னாலும் வந்திருக்கும். ரேடியேட்டரத் தொட்டுப் பாருங்க."

அவர் கையுறையைக் கழற்றி, ஒரு விரலால் தொட்டார். "குளிர்ச்சியா இருக்கு. குளிர வைக்கிற சாதனம் குளிர்ச்சியா இருந்தா அது நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

கிளைவும் போய்த் தொட்டான். தொட்ட கையை எடுக்காமல் பின்னால் இருந்த டேங்கைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் மரக்கட்டையைப் பார்த்தான், செங்கல்லைப் பார்த்தான்.

"ஜெஃப்ரி, இந்தத் தாள எந்தக் காருக்கு எழுதுனீங்க?"

"என்னோட முதல் காருக்கு. தொண்ணூத்தி ஒண்ணுல."

"அதுல மூடி எங்க இருந்துச்சு?"

"எங்க இருக்கும்? ரேடியேட்டர் தலையில, முன்னாடி."

"இதுல பின்னாடி இருக்கு."

ஜெஃப்ரி தாளைப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேலாக அறுநூறு பேர் அதன்படி மூக்கை உயர்த்தியிருந்தார்கள். அதில் எத்தனை கார் வெந்ததோ, எத்தனை கடைசிப் பக்கத்துக்குப் போனதோ. ஆனால் அது பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறை போட்ட காகிதத்தில் பேனா எழுதாது.

"தெருவுக்கு இறக்கணும்," என்றாள் லினெட். "தெரு கீழ்ப்பக்கம் நல்ல சரிவு. மூக்கு கீழ பாத்தாப்ல நிறுத்துனா பின்பக்கம் மேல வந்துரும்."

"சோதனைக்கு ஓட்டிட்டுப் போகலாம். ஆனா வரி கட்டாத, எண் இல்லாத வண்டியப் பொதுத் தெருவுல நிறுத்துறது சட்டப்படி..."

"தள்ளுங்க, ஜெஃப்ரி," என்றான் கிளைவ். கழகத்தில் யாரும் அவரிடம் இதுவரை அப்படிப் பேசியதில்லை. அவர் தள்ளினார்.

எதிர்வீட்டு பெர்னார்ட் நாயோடு வந்து வேலியில் சாய்ந்து நின்றார். "என்ன வாத்து, கடைசியில தள்ளிக்கிட்டே போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"நாயக் கட்டுங்க, பெர்னார்ட். இல்ல நீங்களும் வந்து தள்ளுங்க," என்றாள் லினெட்.

அவர் நாயைக் கட்டவில்லை. தள்ளவும் இல்லை.

இன்ஜின் ஆறப் பதினொன்று முப்பத்தைந்து ஆகிவிட்டது. காரின் பின்புறம் இப்போது மேலே, மூக்கு பள்ளத்தைப் பார்த்து. கிளைவ் மூடியை மெல்லத் திருகித் திறந்தான். அடியில் படுத்து ரேடியேட்டருக்குப் போகும் தடித்த ஹோஸைப் பால் கறப்பதுபோல அமுக்கி அமுக்கி விட்டான். டேங்கில் ஒரு குமிழ் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு தேங்காய் அளவுக்கு ஒன்று 'பொளக்' என்று வெடித்து, நீலத் தண்ணீர் சட்டென்று கீழே இறங்கி மறைந்தது.

"ஊத்து," என்றான் கீழிருந்து.

லினெட் ஊற்றினாள். ஒரு லிட்டர் போயிற்று. இரண்டும் போயிற்று. மூன்றாவதும் முழுக்கப் போனதும்தான் விளிம்பில் நின்றது. கையேடு எழுதியவன் கூட்டி எழுதவில்லை.

பதினொன்று நாற்பத்திரண்டு. கிளைவ் சாவியைத் திருப்பினான். இதுவும் தவறினால் இன்னொரு தரம் ஆற வைக்க நேரமில்லை. மூன்று பேரும் மானியைப் பார்த்தார்கள். எழுபது. எண்பத்தைந்து. லினெட் மூக்கருகே மண்டியிட்டு உள்ளங்கையை ரேடியேட்டரில் வைத்தாள். இன்னும் குளிர்ச்சிதான். எண்பத்தெட்டில், சூடான தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறக்க வேண்டும். தொண்ணூறு. குளிர்ச்சி. தொண்ணூற்று இரண்டு.

"லின்?"

"இரு."

உள்ளங்கையின் ஓரத்தில் ஒரு வெதுவெதுப்பு தொடங்கியது. ஊறிக்கொண்டே வந்து கை முழுக்கப் பரவியது. பிறகு வைக்க முடியவில்லை, கையை எடுத்துவிட்டாள். தொண்ணூற்றைந்து என்றான் கிளைவ். தொண்ணூற்றாறு என்றான். அப்போது அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் ஃபேன் கிர்ரென்று சுற்றத் தொடங்கியது.

மானி தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கியது. ஜெஃப்ரி தொண்டையைச் செருமினார். "சாராம்சம் பாத்தா நான் தாள்ல எழுதுனதும் இதுதான்," என்றார். "மூக்குன்னா மூடி இருக்குற பக்கம்னு புத்தியுள்ளவனுக்குப் புரியணும்." நாற்காலியை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பக்கத்து இருக்கைக்குள் ஒரு காலை வைத்தார். முதல் ஓட்டத்தில் தலைவர் உட்காருவது கழகத்து வழக்கம்.

"நீங்க இல்ல, ஜெஃப்ரி," என்றான் கிளைவ். "எனக்குக் கண்ணு ரோட்டுல இருக்கணும். மானியப் பாக்க ஒரு ஆள் வேணும். லின், ஏறு."

"நானா? அப்ரன் கட்டியிருக்கேன்."

"ஏறு வாத்து. மணி பன்னெண்டு அஞ்சு."

அவள் மடியில் தண்ணீர்க் குடுவையோடு ஏறினாள். கண்ணாடியும் கூரையும் இல்லாத கார். மலைக்காற்று அவள் முகத்தைத் துடைப்பம்போல அடித்தது. அவள் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். தொண்ணூறு. எண்பத்தொன்பது. தொண்ணூறு. ஓடும்போது சிக்கல் இல்லை. சிக்கல் டஃபீல்ட் ஊரைத் தாண்டிச் சாலை வேலை நடக்கும் இடத்தில் வந்தது. தற்காலிகச் சிவப்பு விளக்கு. முன்னால் முப்பது வண்டி. காற்று நின்றது.

பன்னிரண்டு இருபத்தெட்டு. தொண்ணூற்று நாலு.

கிளைவ் முன்னாலிருந்த லாரியின் பின்புறத்தைப் பார்த்தபடி கேட்டான். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"தொண்ணூத்தி அஞ்சு."

"அதக் கேக்கல."

"தெரியும்." குடுவையை இறுக்கிப் பிடித்தாள். "ரெண்டாவது தடவையே. கையச் சூடாக்கிக்கலாம்னு தொட்டேன் பாரு, அப்ப."

தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. லாரி நகரவில்லை. மூக்கிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. லினெட்டின் கை தானாகச் சாவிப் பக்கம் போனது. கிர்ரென்று ஃபேன் கிளம்பியது.

இருவரும் மூச்சு விட்டார்கள்.

"நானா இருந்தா மூணாவது தடவையும் வாயத் திறந்திருக்க மாட்டேன்," என்றான் கிளைவ்.

"நீ முதல் தடவையே சொல்லியிருப்ப. அதான் எரிச்சலே."

விளக்கு பச்சையானது.

சோதனை நிலைய வாசலில் கிளைவ் இன்ஜினை அணைத்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்று. லினெட் இறங்கினாள். அப்ரனில் பாதி நீலமாக இருந்தது.

"பேச்சு பேச்சுதான்," என்றாள். "கார் இருக்கட்டும்."

"லின்..."

"இனிமே ஞாயித்துக்கிழமை என்னோடது. கார் ஷெட்டுல இருக்கும், நீ என்கூட இருப்ப."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"எல்லாம்."

கிளைவ் யோசித்தான். கூரையில்லாத காரை மழை இல்லாத நாளில்தான் எடுக்க முடியும். அந்த மாவட்டத்தில் மழை இல்லாத ஞாயிறு வருஷத்துக்கு ஏழோ எட்டோ. அட்டவணை போடுகிற மூளை, ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது.

"மழை பெய்யாத ஞாயிறு மட்டும் கொஞ்சம்..."

"அதத்தான் முதல்ல கேக்குறேன்."

உள்ளேயிருந்து அட்டையும் பேனாவுமாக வந்த அதிகாரி இவர்கள் பெயரைக் கூப்பிட்டார். கிளைவ் கையை உயர்த்தினான். பிறகு அந்தக் கையையே அவளிடம் நீட்டினான். இரண்டாவது தடவையாக அவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். அவன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.